ரிப்போர்ட்ல விட்டமின் டி 'சிவப்பு'ல இருக்கா? அந்தச் சிவப்புக்குப் பின்னாடி எவ்வளவு ஆதாரம் இருக்குன்னு பார்த்தீங்களா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் தங்கச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது. பதினாறு பக்கம். அவள் ஆபீஸில் சலுகை விலையில் 'ஃபுல் பாடி செக்கப்' போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போய், சாயங்காலமே ரிப்போர்ட் அனுப்பிவிட்டார்கள். எழுபது, எண்பது டெஸ்ட் இருக்கும். எல்லாம் பச்சை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சிவப்பு. விட்டமின் டி: 24. அதுக்குக் கீழே அவளோட மெசேஜ்: "அண்ணா, எனக்கு எலும்பு தேஞ்சிடுமா?"

அவளுக்கு 26 வயசு. ரெண்டு மாடி லிஃப்ட் இல்லாம ஏறுறா. எங்கேயும் வலி இல்லை. அம்மா பக்கத்தில் இருந்து தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "நாள் முழுக்க ஏசி ரூம்லயே உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்?" ரிப்போர்ட்டோடு இலவசமாக வந்த போன் ஆலோசனையில் டாக்டர் ரெண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டாராம். வாரம் ஒரு சாஷே, 60,000 யூனிட், எட்டு வாரம். அப்புறம் திரும்பவும் டெஸ்ட்.

இந்தக் கதை உங்க வீட்டிலும் நடந்திருக்கும். இல்லைன்னா உங்க டீம்ல நாலு பேருக்காவது நடந்திருக்கும். அந்த சாஷேவைப் பாலில் கலக்குறதா, தண்ணியில கலக்குறதான்னு ஆபீஸ் கேன்டீனில் விவாதமே ஓடியிருக்கும். ஆனா ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கிறதில்லை. 24 ஏன் சிவப்பு? அந்தக் கோட்டை யார் போட்டது, எதை வெச்சுப் போட்டாங்க?

கோடு போட்ட கதை

2010 நவம்பரில் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் விட்டமின் டி இருந்தாலே கிட்டத்தட்ட எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்பது அதன் கணக்கு. இந்தக் கணக்கில் தங்கச்சி பாஸ். அடுத்த வருஷமே, 2011-ல், ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான 'எண்டோக்ரைன் சொசைட்டி' இன்னொரு வழிகாட்டுதலை வெளியிட்டது. 20-க்குக் கீழே குறைபாடு. 21-லிருந்து 29 வரை 'போதாமை'. 30-க்கு மேலே இருந்தால்தான் நல்லது. இந்தக் கணக்கில் தங்கச்சி ஃபெயில்.

உலகம் முழுக்க லேப்கள் பிடித்துக்கொண்டது இந்த ரெண்டாவது கோட்டைத்தான். 30-ன்னு கோடு போட்டால் உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் சிவப்பில் வருவார்கள். இதில் யாருக்கு லாபம் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

20 என்கிற எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேருக்கு மேல் போதுமான அளவு அது. ஹாஸ்டல் மெஸ் கணக்கை நினைச்சுப் பாருங்க. காலையில் தலைக்கு அஞ்சு இட்லி அவிச்சா கிட்டத்தட்ட எல்லோருக்கும் வயிறு நிறையும்னு வார்டன் கணக்குப் போடுறார். சரி. அதுக்காக மூணு இட்லி சாப்பிட்டு எழுந்து போறவன் பட்டினி கிடக்கிறான்னு சொல்ல முடியுமா? அவனுக்குத் தேவையே மூணுதான். அப்படித்தான் 20-க்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும் குறைபாடுன்னு சொல்றதும். அறிக்கை எழுதின குழுவில் இருந்தவர்களே 2016-ல் ஒரு மருத்துவ இதழில் இதை விளக்கி, கோட்டைத் தப்பா பயன்படுத்துறீங்கன்னு எழுதினார்கள். லேப் ரிப்போர்ட் மாறவில்லை.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 2024 ஜூனில் அதே எண்டோக்ரைன் சொசைட்டி புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. 30 என்கிற கோட்டை இனி நாங்கள் ஆதரிக்கவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். குறைபாட்டுக்கு 20 என்று சொன்ன கோட்டையும் விட்டுவிட்டார்கள். ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்க வேண்டாம். 75 வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் தினசரித் தேவைக்கு மேல் மாத்திரையாகச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம் என்பது அவர்கள் ஆலோசனை. கர்ப்பிணிகள், குழந்தைகள் மற்றும் டீன் ஏஜ் பிள்ளைகள், 75-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கிறவர்கள் என நாலு கூட்டத்துக்கு மட்டும் மாத்திரை பயன்படலாம் என்றார்கள்.

கோடு போட்டவங்களே கோட்டை அழிச்சாச்சு. உங்க பி.டி.எஃப்.ல மட்டும் அது அப்படியே இருக்கு.

வட்டத்துக்குள் கூட்டல் குறி

அந்த 2024 வழிகாட்டுதலைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு ஆலோசனையின் முடிவிலும் சின்னதாக ஒரு எண்ணும் நாலு வட்டங்களும் இருக்கும். சில வட்டங்களுக்குள் கூட்டல் குறி. சில வட்டங்கள் காலி. ஸ்விகியில் ஸ்டார் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுத் தாண்டிப் போயிடாதீங்க. முழு விஷயமும் அங்கேதான் இருக்கு.

இதுக்குப் பெயர் 'கிரேடு' முறை. இதன் பின்னணி கொஞ்சம் பழசு. 1979-ல் கனடாவில் ஒரு அரசுக் குழு, வருஷா வருஷம் செய்கிற உடல் பரிசோதனையில் எதெல்லாம் உண்மையிலேயே பயன் தருகிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்தது. ஆமா, இன்னைக்கு நாம பேசுற அதே 'மாஸ்டர் செக்கப்' சமாச்சாரம்தான். சோதனைக்குச் சோதனை ஆதாரத்தின் தரம் வேறு வேறாக இருப்பதைப் பார்த்து, அவர்கள் முதல்முறையாக அதற்குப் படிநிலைகள் வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மருத்துவச் சங்கமும் தன் இஷ்டத்துக்கு ஏ, பி, சி என்றும் ஒன்று, இரண்டு, மூன்று என்றும் ஆளாளுக்கு மார்க் போட ஆரம்பித்தன. ஒரு சங்கத்தின் 'பி' இன்னொரு சங்கத்தில் 'சி'. குழப்பம் தாங்காமல் 2000-ல் ஒரு சர்வதேசக் குழு கூடியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கையாட் அதில் முக்கியமானவர். அவர்கள் உருவாக்கியதுதான் கிரேடு. இன்று உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் பயன்படுத்துகிறது.

கிரேடு செய்கிற வேலை, ரெண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிப்பது. முதல் கேள்வி, இந்த ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம்? இதற்கு நாலு பதில்கள்: உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. நாலு வட்டங்கள் இதற்குத்தான். ரெண்டாவது கேள்வி, இதைச் செய்யச் சொல்லி எவ்வளவு அழுத்திச் சொல்லலாம்? இதற்கு ரெண்டே பதில்கள்: 'உறுதியான பரிந்துரை', 'நிபந்தனையோடான பரிந்துரை'. முதலாவதுன்னா கிட்டத்தட்ட எல்லோரும் செய்யலாம். ரெண்டாவதுன்னா ஆளைப் பொறுத்து, சூழலைப் பொறுத்து, டாக்டரோட பேசி முடிவெடுக்கணும்.

2024 வழிகாட்டுதலில் விட்டமின் டி பற்றிய ஆலோசனைகள் எல்லாமே ரெண்டாவது வகைதான். ஒண்ணுகூட 'உறுதி' இல்லை.

ஆய்வுன்னா எல்லாம் ஆய்வு இல்லையா?

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ரீல்ஸில் ஒருத்தர் சொன்னால் அடுத்த கேள்வி, எந்த மாதிரி ஆய்வில்? விட்டமின் டி கதை இதுக்கு அருமையான பாடம்.

2000-களில் வந்த ஏராளமான ஆய்வுகள் ஒரே மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்லின. விட்டமின் டி கம்மியா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு அதிகம், சில புற்றுநோய்கள் அதிகம், மன அழுத்தம் அதிகம், சர்க்கரை அதிகம். படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் இவை எல்லாம் வேடிக்கை பார்க்கிற ஆய்வுகள். மக்களை அப்படியே விட்டு, ரத்தத்தை அளந்து, யாருக்கு என்ன வருகிறது என்று குறித்துக்கொள்வது. இதில் ஒரு கோளாறு உண்டு. உடம்பு முடியாதவர் வெளியே போக மாட்டார், வெயில் படாது, விட்டமின் டி குறையும். உடம்பு பருமனா இருந்தாலும் ரத்தத்தில் அது கம்மியாத்தான் தெரியும். தினமும் காலையில் கடற்கரையில் ஓடுகிறவருக்கு விட்டமின் டி-யும் அதிகமா இருக்கும், இதயமும் நல்லா இருக்கும். நல்லா இருக்கிறதுக்குக் காரணம் விட்டமினா, ஓட்டமா? இந்த மாதிரி ஆய்வில் பிரிச்சுச் சொல்லவே முடியாது. அதனால்தான் கிரேடு முறையில் இவை 'குறைவு' என்ற இடத்தில்தான் கணக்கைத் தொடங்குகின்றன.

அடுத்த வகை, சீட்டுக் குலுக்கிப் போடுவது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். ஓடுகிறவர், ஓடாதவர், பருமனானவர், ஒல்லியானவர் எல்லோரும் ரெண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடுவார்கள். கடைசியில் வித்தியாசம் தெரிந்தால் அது மாத்திரையால்தான். இந்த வகை 'உயர்வு' என்ற இடத்தில் தொடங்கும்.

அமெரிக்காவில் 'வைட்டல்' என்ற பெயரில் அப்படி ஒரு ஆய்வு நடந்தது. 25,871 பேர். தினமும் 2,000 யூனிட் விட்டமின் டி. சராசரியாக அஞ்சு வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2018 கடைசியில் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புதிதாகப் புற்றுநோய் வருவது குறையவில்லை. மாரடைப்பு, பக்கவாதமும் குறையவில்லை. 2022-ல் எலும்பு முறிவுக் கணக்கையும் வெளியிட்டார்கள். அதுவும் குறையவில்லை. வேடிக்கை பார்த்த ஆய்வுகள் பத்து வருஷமாகச் சொன்னது ஒண்ணு, குலுக்கிப் போட்ட ஆய்வு சொன்னது வேற.

அதுக்காக, வேடிக்கை பார்த்த ஆதாரம் எல்லாம் குப்பைன்னு முடிவு பண்ணிடாதீங்க. பலன் மலை மாதிரி இருந்தால் கிரேடு அதையும் மேலே ஏற்றும். விட்டமின் டி-யின் ஆரம்பக் கதையே அதற்கு உதாரணம். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், கால் வளைந்து போகும் ரிக்கெட்ஸ் நோய் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தார். எலும்பு சரியாவது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. குழந்தைகள் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது. ஆனால் தானாக ஆறாத நோய் கண்ணெதிரே ஆறுகிறது. அந்த மாதிரி இடத்தில் 25,000 பேரைத் தேட வேண்டியதில்லை. ரிக்கெட்ஸ் இருக்கிற குழந்தைக்கு விட்டமின் டி வேலை செய்கிறது என்பதில் இன்றைக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் எல்லாம் நோயே இல்லாத உங்களுக்கும் எனக்கும் அது என்ன செய்கிறது என்பதில்தான்.

"அது அமெரிக்காக்காரனுக்கு, நமக்கு எப்படிப் பொருந்தும்?"

நியாயமான கேள்வி. இதைக் கேட்டதும் உங்களைப் பாராட்டணும்போல இருக்கு, ஏன்னா கிரேடு மார்க்கைக் குறைக்கிற அஞ்சு காரணங்களில் இதுவும் ஒண்ணு. ஆய்வு சரியா நடத்தப்படலையா? ஆய்வுக்கு ஆய்வு முடிவு முரண்படுதா? ஆட்கள் ரொம்பக் கம்மியா? பாதகமான முடிவுகளை வெளியிடாம அமுக்கிட்டாங்களா? இந்த நாலோட அஞ்சாவது கேள்வி: ஆய்வில் இருந்தவங்களும் நாமளும் ஒரே மாதிரியா?

வைட்டல் ஆய்வில் இருந்தவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள். அவர்களின் சராசரி விட்டமின் டி அளவு ஏற்கனவே 30-ஐ ஒட்டி இருந்தது. பசி இல்லாதவனுக்கு இன்னொரு பிரியாணி போட்டு, "பாருங்க, தெம்பு கூடலையே"ன்னு சொன்ன மாதிரி இல்லையா? உண்மையாகவே கம்மியா இருக்கிறவங்களுக்குக் கொடுத்தா என்ன ஆகும்?

அதையும் செய்து பார்த்தார்கள், மங்கோலியாவில். தலைநகர் உலான்பாத்தரில் 8,851 பள்ளிக் குழந்தைகள். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல் அளவு 20-க்கும் கீழே. மூணு வருஷம் வாராவாரம் 14,000 யூனிட் கொடுத்தார்கள். காசநோய்த் தொற்று குறையுமா என்பது கேள்வி. 2020-ல் முடிவு வந்தது. ரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது. காசநோய்த் தொற்று குறையவில்லை. ரிப்போர்ட் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதும் உடம்பு நன்றாவதும் வேற வேற என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒண்ணை ஒத்துக்கணும். இது காசநோய்க்கு மட்டுமான பதில், குழந்தைகளுக்கான பதில். சென்னையில் 26 வயசில், நாள் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கிற, 24 காட்டுகிற ஒரு பெண்ணுக்கு எலும்போ மனசோ எப்படி இருக்கும் என்பதற்கு இது நேரடி பதில் இல்லை.

இங்கேதான் அந்த வட்டங்கள் திரும்ப வருகின்றன. 50 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு டெஸ்ட் வேண்டாம், மாத்திரை வேண்டாம் என்று 2024-ல் சொன்னார்கள் இல்லையா? அந்த வரிக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. மிகக் குறைவு. கறுத்த சருமம் உள்ளவர்களுக்கும் வழக்கமான டெஸ்ட் வேண்டாம் என்ற வரிக்கும் அதே ஒண்ணுதான்.

முதல் தடவை பார்த்தப்போ நானும் ஏமாந்துதான் போனேன். 'வேண்டாம்' என்பதற்குப் பெரிய ஆதாரம் இருக்கும்னு நினைச்சேன். இல்லை. இளைஞர்களை வைத்து நல்ல ஆய்வுகளே பெரிசா நடக்கவில்லை. அப்படியென்றால் அவர்கள் சொல்வதன் அர்த்தம், "பலன் இல்லைன்னு நிரூபிச்சுட்டோம்" அல்ல. "பலன் இருக்குன்னு யாரும் இன்னும் காட்டலை, காட்டாத ஒண்ணுக்காக ஊர் முழுக்க ரத்தம் எடுத்து, செலவு பண்ணி, பயமுறுத்த வேண்டாம்." ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. யூடியூபில் "விட்டமின் டி ஒரு மோசடி"ன்னு தம்ப்நெயில் போடுறவரும் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார். "விட்டமின் டி இல்லைன்னா அவ்வளவுதான்"னு போடுறவரும் சொல்ல மாட்டார்.

பிளாஸ்மா ஞாபகம் இருக்கா?

2021 ஏப்ரல், மே. உங்க ஸ்டேட்டஸ், ஸ்டோரி எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. "அவசரம், ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை." நானும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு நண்பனின் அப்பாவுக்காக நாற்பது பேருக்குப் போன் போட்டிருக்கிறேன். கிடைத்தது. ஏற்றினார்கள். அவர் இல்லை.

பிற்பாடுதான் தெரிந்தது. அதுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடியே பதில் வந்துவிட்டது. வெளிநாட்டில் இல்லை, இங்கேயே. ஐ.சி.எம்.ஆர். நடத்திய 'பிளாசிட்' ஆய்வு. இந்தியா முழுக்க 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள், குலுக்கிப் போட்ட ஆய்வு. நோய் தீவிரமானவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19 சதவிகிதம். ஏற்றாதவர்களில் 18 சதவிகிதம். வித்தியாசம் இல்லை. 2020 அக்டோபரில் அது உலகின் முக்கியமான மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நம் தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17-ம் தேதி. இடைப்பட்ட அந்த மாதங்களில் எத்தனை குடும்பங்கள் ராத்திரி முழுக்க போன் போட்டிருக்கும்! ஆதாரம் வந்த பிறகும், வழிகாட்டுதலில் அந்த வரி இருந்தது. பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அதே காலத்தில் இன்னொரு மருந்து. டெக்ஸாமெத்தசோன். பல வருஷப் பழசு, விலை மலிவு. பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கிப் போட்டுப் பார்த்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. கெடுதல் இருக்கலாம் என்ற அறிகுறி தெரிந்தது. 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஸ்டீராய்டு பற்றிச் சொன்னதைப் பாருங்கள். தீவிர நோயாளிக்குக் கொடுங்கள்: உறுதியான பரிந்துரை. லேசான பாதிப்பு உள்ளவருக்குக் கொடுக்காதீர்கள்: நிபந்தனையோடான பரிந்துரை. ஒரே மாத்திரை, ரெண்டு ஆட்களுக்கு ரெண்டு பதில்கள். நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது பாதி பதில்தான். லேசான காய்ச்சலுக்கே வீட்டில் ஸ்டீராய்டு போட்டவர்கள் எத்தனையோ பேர். கறுப்புப் பூஞ்சை அந்த அளவுக்குப் பரவியதற்குச் சர்க்கரை நோயோடு, இந்த இஷ்டத்துக்குப் போட்ட ஸ்டீராய்டும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

பெரிய இடத்திலும் ஓட்டை உண்டு

கிரேடு வந்ததால் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்றில்லை. 2007 முதல் 2012 வரை உலக சுகாதார நிறுவனம் இந்த முறையில் வெளியிட்ட 'உறுதியான' பரிந்துரைகளைச் சில ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அதில் பாதிக்கும் மேல், சரியாகச் சொன்னால் 55 சதவிகிதத்துக்கு மேல், 'குறைவு' அல்லது 'மிகக் குறைவு' ஆதாரத்தின் மேல் நின்றன. சில இடங்களில் அது நியாயம்தான். உயிர் போகும் நிலையில் ஆதாரத்துக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் எல்லாமே அப்படிப்பட்ட இடமா என்ற கேள்வியும் எழுந்தது.

இதயநோய் மருத்துவம் ஏராளமான ஆய்வுகள் நடக்கிற துறை. 2019-ல் வந்த ஒரு கணக்கெடுப்பில், அமெரிக்க இதயநோய் வழிகாட்டுதல்களில் மிக உயர்ந்த தர ஆதாரம் உள்ள பரிந்துரைகள் வெறும் 8.5 சதவிகிதம். மீதியில் பெரும்பகுதி ஓரளவு ஆதாரமும், அனுபவம் வாய்ந்த மருத்துவர்களின் கருத்தும்தான். இதைக் கேட்டு "அப்போ டாக்டர் சொல்றதெல்லாம் சும்மாவா"ன்னு கிளம்பிடாதீங்க. அனுபவமும் ஆதாரம்தான், தரம் கம்மியான ஆதாரம். தரம் கம்மின்னு அவங்களே பக்கத்தில் எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, அந்த நேர்மைக்குத்தான் இந்த முறை. பாட்டி வைத்தியத்துக்கோ, பாட்காஸ்ட் வைத்தியத்துக்கோ அப்படி ஒரு அடிக்குறிப்பை நான் பார்த்ததில்லை.

எனக்கு இதில் வருத்தம் ஒண்ணுதான். வட்டங்கள் எல்லாம் வழிகாட்டுதலோடயே நின்றுவிடுகின்றன. உங்க கைக்கு வரும்போது சிவப்பும் பச்சையும் மட்டும்தான் மிஞ்சுகிறது. கிட்னி கிரியாட்டினின் சிவப்பும் விட்டமின் டி சிவப்பும் ஒரே சிவப்பு. ஒண்ணுக்குப் பின்னால் எவ்வளவோ ஆண்டு ஆதாரம், இன்னொண்ணுக்குப் பின்னால் கைவிடப்பட்ட ஒரு கோடு. ஒரு லேப் ஆப்புக்கு இதைக் காட்டுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனா அப்படிக் காட்டினா பேக்கேஜில் பாதி டெஸ்ட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போ டாக்டர்கிட்ட போகும்போது என்ன கேட்கலாம்? சண்டை போடாம, சாதாரணமா, "டாக்டர், இது எனக்கு எதைத் தடுக்கும்?"னு கேளுங்க. "அளவு ஏறும்"கிறது பதில் இல்லை. மங்கோலியாவை ஞாபகம் வெச்சுக்கோங்க. "என் வயசுல, என்னை மாதிரி இருக்கிறவங்கள்ல பார்த்திருக்காங்களா?"ன்னு கேளுங்க. "இப்போ எடுத்துக்கலைன்னா என்ன ஆகும்?"னும் கேட்கலாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சிலர் சந்தோஷமே படுவாங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்னதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. சிறுநீரக நோய், எலும்பு மெலிவு, சத்து உறிஞ்ச முடியாத குடல் பிரச்னை, நீண்ட நாள் ஸ்டீராய்டு அல்லது வலிப்பு மாத்திரை, ரத்தத்தில் கால்சியம் குறைவு, தீராத எலும்பு வலி, தசை பலவீனம், இதில் ஏதாவது இருந்தால் கதையே வேறு. அவர்களுக்கு டெஸ்ட்டும் தேவைப்படலாம், மருந்தும் தேவைப்படலாம். இந்தக் கட்டுரையைக் காட்டி யாருடைய மாத்திரையையும் நிறுத்தாதீங்க. குறிப்பா தாத்தா பாட்டியோடதை. அவங்க விஷயத்தில் இன்னொரு தகவல்: 50 வயதுக்கு மேல் விட்டமின் டி தேவைப்பட்டால், இடைவெளி விட்டுப் பெரிய டோஸ் போடுவதைவிட தினமும் சின்ன டோஸ் நல்லது என்பதும் 2024 வழிகாட்டுதலில் இருக்கு, ரெண்டு கூட்டல் குறியோட. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு: கீழே விழுவதும் எலும்பு முறிவும் அதிகமாகின. வாரம் 60,000 அந்த அளவுக்குப் போகாதுதான். ஆனாலும் 'விட்டமின்தானே, என்ன பண்ணிடும்'னு சொல்றதுக்கு இடமில்லை.

தங்கச்சிக்கு இதையெல்லாம் ஒரு மணி நேரம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். முழுசா கேட்டிருக்க மாட்டா, எனக்குத் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு எங்க ஃபேமிலி டாக்டர்கிட்ட போயிருக்கா. அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, மூட்டு வலி, தசை வலி ஏதாவது இருக்கான்னு கேட்டு, இல்லைன்னதும் சாஷேவை எடுத்து டிராயர்ல போட்டுட்டாராம். திரும்ப டெஸ்ட்டும் வேண்டாம்னுட்டாராம்.

"அவரும் நீ சொன்னதேதான் சொன்னாரு. ஆனா நாலு நிமிஷத்துல சொன்னாரு"ன்னு மெசேஜ் வந்தது. அம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கலை. தினமும் காலையில ஏழு மணிக்கு அவளை மொட்டை மாடிக்குத் துணி காயப்போட அனுப்புறாங்களாம்.